மண்டைக்குள் ஒரு வயரிங் வேலை

மார்ச் 3
இன்று மானம் போனது. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, லிஃப்டுக்குத் தனி லைன் வேண்டும் என்று சொல்லப் போனேன். ‘லைன்’ என்ற சொல்லே வரவில்லை. முப்பது வருஷ எலக்ட்ரீஷியன்! காற்றில் கையால் கோடு இழுத்துக் காட்டினேன். “அண்ணன் டான்ஸ் ஆடுறாரு” என்றது பின்வரிசை. நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் வக்கீல்.
“மூணாவது தடவைப்பா. நாளைக்கே ஸ்கேன். அப்பீல் கிடையாது.”

மார்ச் 6
கட்டி. மூளையில், இடது பக்கம். கோலிக்குண்டு அளவு.

மார்ச் 9
ஆபரேஷன் பாதியில் என்னை எழுப்பிப் பேச வைப்பார்களாம். மூளைக்கு வலியே தெரியாதாம். “அதான் நான் திட்டுனா உங்களுக்கு உறைக்கிறதே இல்ல” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.
டாக்டரம்மா மூளையில் ஒவ்வோர் இடமாக லேசாகக் கரண்ட் வைப்பார். நான் படம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பேச்சு நின்றால் அந்த இடத்தில் கத்தி வைக்க மாட்டார். பழைய வீடுகளில் நான் செய்வதும் இதுதானே? ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிவிட்டு, “எந்த ரூம் போச்சு?” என்று கத்துவேன்.
ஆனால் இங்கே பதில் சொல்ல வேண்டியவனும் அதே ஃபியூஸில்தானே எரிகிறான்? பேச்சைச் சோதிப்பார்கள், சரி. பாசம் எந்த ஃபியூஸில்? கேட்க வெட்கமாக இருந்தது.

மார்ச் 12
ஏழு மணிக்கு ஆபரேஷன். பயமா? ஆமாம்.

மார்ச் 15
இதை எழுதியாக வேண்டும்.
ஆபரேஷன் பாதியில் எழுப்பிப் படம் காட்டினார்கள்; சாவி, குடை, நாற்காலி — எல்லாம் சொன்னேன். பிறகு வீட்டு போட்டோக்கள். மகளின் படம். “என் பொண்ணு” என்றேன். சரியான பதில்தான். ஆனால் கரண்ட் வைத்த அந்த நொடி அவள் யாரோ. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருக்கும் பெண் மாதிரி.
“வேற ஏதாவது வித்தியாசமா இருக்கா?” என்றார் டாக்டரம்மா.
“இல்லீங்க.”
ஏன்டா அப்படிச் சொன்ன? பெத்தவன் வாயால அதை எப்படிச் சொல்றது... அந்த இடத்தையும் வெட்டிட்டாங்களா? நாளைக்கு அவளை உள்ளே விடுவாங்க. வேண்டாம்னு சொல்லிடலாமா?

மார்ச் 16
வந்தாள். கட்டுப் போட்ட தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
“மொட்டை கண்றாவியா இருக்கு. கேஸ் போடலாம்ப்பா.”
சொன்னவளின் உதடு கோணியது. குனிந்து என் போர்வையை இழுத்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.
“என்னப்பா, வலிக்குதா?”
“மாத்திரை கசக்குது.”
“நல்லபடியா திரும்பி வந்துட்டப்பா, அது போதும்.”
தலையாட்டினேன்.
திரும்பி வந்தது நீதான்டி. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.