வொலோத் கோட்டைக்கு வந்த கடிதம்

பூடா அரண்மனை
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

என் அன்பு ஓர்ஷொயாவுக்கு,

நானும் என் குதிரையும் நலம். அரசரின் பந்தியில் இறைச்சி அரிந்து பரிமாறும் பொறுப்பு இப்போது என்னுடையது. பொறாமைப்படாதவன் இங்கே ஒருவனும் இல்லை.

நேற்று தட்டை நீட்டியபோது அரசர் கேட்டார்: "ஏம்ப்பா ஓஷ்வாத், உன் மச்சான் டெட்ரே என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கிறானே, என் சாப்பாடு அவனுக்குப் பிடிக்கலையா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கலகக்காரப் பிரபுக்களோடு உன் தம்பிக்குத் தொடர்பு என்று இங்கே பேச்சு. ஒருமுறை நேரில் வந்து மண்டியிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். நான் அழைத்தால் அவன் வரமாட்டான். நீ எழுது. அவன் உயிருக்கு நான் பொறுப்பு, சிலுவை மேல் ஆணை.

ஹெத்விக்குக்கு என் முத்தங்கள்.

உன் ஓஷ்வாத்


கெரெச்வார்
புனித கேத்தரின் திருநாள்

என் அன்புக் கணவருக்கு,

திராட்சை அறுவடைக்கு வருவதாகச் சொன்னீர்கள். ஒயின் பீப்பாயில் இறங்கி மூன்று வாரம் ஆகிறது. ஹெத்விக்குக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பாவுக்குத் தாடி இருக்கா, இல்லையா?" என்று நேற்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

நீங்கள் சொன்னபடி தம்பியின் வொலோத் கோட்டைக்கு எழுதினேன். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி நேரே இங்கேயே வந்துவிட்டான். "மாமா சத்தியம் பண்ணினா நம்ப மாட்டேன் அக்கா. நீ போன்னு சொல்லு, போறேன்" என்றான். "போடா" என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், சின்ன வயதில் செய்ததுபோல. வெள்ளிக்கிழமை புறப்பட்டான். திருவருகை நோன்புக் காலத்தில் அவன் இறைச்சி தொடமாட்டான், மீன் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

உங்கள் ஓர்ஷொயா


பூடா
புனித லூசியா திருநாள்

ஓர்ஷொயா,

இதை உட்கார்ந்து படி. அரசர் டெட்ரேயைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். இரண்டு நாள் பந்தியில் பக்கத்திலேயே உட்காரவைத்தார். மூன்றாம் நாள் கைது செய்யச் சொன்னார். என்னால் முடிந்தவரை மன்றாடினேன். சனிக்கிழமை காலை சதுக்கத்தில் முடிந்தது. வாள் கூர்மையானது, அவன் வேதனைப்படவில்லை.

கறுப்பு உடுத்தாதே. அழுவதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழு, யார் எதைப் போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. வொலோத் கோட்டையை அரசர் நமக்கே தந்திருக்கிறார். அந்நியன் கையில் போவதைவிட இது மேல். அங்கிருந்து அவன் மனைவி கிங்காவை வெளியேறச் சொல். கணவன் தலை போனாலும் அவள் தலை தப்பியது என் முயற்சியால்தான்.

ஹெத்விக்கை அமைச்சரின் மகனுக்குப் பேசி முடித்துவிட்டேன். அவள் அவர்கள் வீட்டிலேயே வளரட்டும். மூவரசர் திருநாள் கழிந்ததும் ஆள் அனுப்புகிறேன், அவளைத் தயாராக வை.

ஓஷ்வாத்


வொலோத்
புனித தோமா திருநாள்

ஓஷ்வாத் பிரபுவுக்கு,

தம்பியின் குதிரைக்காரர் லுகாச் ஆறு நாள் நடந்து வந்து சேர்ந்தார். கால்விரல் இரண்டு பனியில் கருகிப் போயிருந்தன. அவரிடம் எல்லாம் கேட்டேன்.

கைது செய்யச் சொன்னது அரசர். ஆனால் வாசலில் காவலர்களுக்கு முன்னால் நின்றது நீங்கள். தம்பி என் கடிதத்தை எடுத்துக் காட்டினானாம். "இத நம்பித்தானே மாமா வந்தேன்?" என்றானாம். அவன் சத்தம் போடாமல் அடங்கிப் போகவேண்டும் என்பதற்காக நீங்கள் சொன்னீர்கள்: "உன் அக்கா தெரியாமயா எழுதினா? எல்லாம் தெரிஞ்சுதான் எழுதினா."

அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லையாம். பாதிரியார் கேட்டபோதும் பேசவில்லையாம்.

அரசருக்குப் பயந்தீர்கள் என்று என்றைக்காவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை உங்களைச் சொல்லச் சொன்னது யார்?

நானே வொலோத்துக்கு வந்து கிங்காவிடம் சொன்னேன், கடிதம் எழுதியவள் நான்தான் என்று. அவள் என் முகத்தில் துப்பினாள். துடைக்காமல் நின்றேன். பிறகு அவளே தண்ணீர் கொண்டுவந்தாள். நாளைக் காலை அவளோடு நானும் ஹெத்விக்கும் போலந்துக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறோம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லையைக் கடந்திருப்போம். கோட்டை காலியாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெத்விக்கிடம் எதையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. இதைத்தான் கேட்டாள்: "அப்பா என்னையும் வான்னு கடிதாசி போடுவாராம்மா?"

போட்டுவிட்டார் என்றேன்.

ஓர்ஷொயா