சேமக்காலை மதிலைத் தாண்டிய தண்ணீர்

2018 நவம்பர் 3, சனி

நான் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டேன் என்று கோயில் வாசலில் கதை நடக்கிறது, அது பொய். சீலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். அது உண்மை.

பங்குக் கோயில் மண்டபத்தில் இன்று பிள்ளைகளுக்குக் காலநிலை வகுப்பு. விஞ்ஞான ரீச்சர் நிர்மலா, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் படக்கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மாட்டினால் எங்கள் கரையிலேயே நிற்பதுபோல் இருக்கும். கடல் மெல்ல உயர்ந்து வரும். பெரியவர்களும் பார்க்கலாம் என்றாள். பார்த்தேன். நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கிகூடச் சரியான திசையில் நின்றது. அதனால் நம்பிவிட்டேன். தண்ணீர், எங்கள் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மதிலைத் தாண்டியபோது கை தானாகச் சீலைக்குப் போனது.

"அன்ரி, நனைஞ்சிட்டீங்களோ?" என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது.

சிரித்தது பெரிதல்ல. என் கணவரின் கல்லறையில் நேற்றுத்தான் மெழுகுதிரி ஏற்றினேன். அவருக்குப் பக்கத்து இடம் எனக்கென்று பங்குச் சுவாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"இந்தத் தண்ணி எந்த வருஷம் வரும், பிள்ளை?"

"ஐயோ அன்ரி, அது சும்மா விளங்கப்படுத்துறதுக்கு. பயப்பிடாதேங்கோ."

"கணக்குப் பாத்ததோ, சும்மா படமாக் கீறினதோ?"

"அந்தப் படத்தைச் செய்த ஆக்களைத்தான் கேக்கோணும்."

கேட்காமலா பிள்ளைகளுக்குக் காட்டினாள்?

நாளை பூசைக்கு முன் அவள் கையில் கொடுக்க, இந்தக் கேள்விகளைத் தனித்தாளில் எழுதுகிறேன். தண்ணீர் மதிலைத் தாண்டும் என்பது கணித்ததா, கற்பனையா? கணித்ததென்றால் எந்த ஆண்டில்? நான் கல்லறைக்கு வேறு இடம் கேட்பதானால் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.