நடு அறைக்கு வந்த வெளிச்சம்

கள்ளக்குறிச்சி
3.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் மாமி, மடியில் நம் மகள் மஹ்ஜபீன். சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி என்பதற்கு மேல் நம் பேச்சு போவதில்லை. உங்கள் சித்தி மகன் அன்சர் செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். இதை உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நடு ரூமில் வெளிச்சக் குழாய் வைத்தாகிவிட்டது. நீங்கள் வேண்டாம், இன்னொரு டியூப்லைட் போட்டுக்கொள் என்றுதான் சொன்னீர்கள். ஆனால் முன்பக்கம் பாத்திரக் கடையும் பின்பக்கம் அடுப்படியும் இருக்க, பக்கத்துக் கட்டடங்கள் ஒட்டிய மற்ற இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லாத அந்த ரூமில் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டுத்தான் பிள்ளை படிக்கிறாள். கரண்ட் போனால் அதுவும் இல்லை. நாலாம் வகுப்பிலேயே கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமா சரி என்றார்.

நைனார்பாளையத்திலிருந்து அன்புச்செல்வன் என்று ஒருவர் வந்து ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார். மொட்டை மாடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி. அதிலிருந்து கீழே இறங்கும் குழாயின் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கிறது. வெயில் அதில் பட்டுப் பட்டு இறங்கி, மேற்கூரையில் பொருத்திய வெள்ளைத் தட்டு வழியாக ரூம் முழுக்கப் பரவுகிறது. முதல் நாள் மஹ்ஜபீன் ரூமை விட்டு வெளியே போகும்போது சுவிட்சை அணைத்தாள். வெளிச்சம் போகவில்லை. மறுபடி போட்டு மறுபடி அணைத்துப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாள். மாமிதான் தெருவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. இப்போது காலையில் அவர்தான் அங்கே முதலில் போய் உட்கார்கிறார். கண்ணாடி இல்லாமலே குர்ஆன் எழுத்து தெரிகிறதாம்.

இனி நான் எழுத வந்த விஷயம். வெளிச்சம் வந்ததும் அந்த ரூமில் இத்தனை நாள் தெரியாததெல்லாம் தெரிகிறது. ஒட்டடை, கறை, பல்லி முட்டை எல்லாம் துடைத்தேன். வடக்குச் சுவரில் மேல் மூலையிலிருந்து ஒரு கோடு இறங்கிவந்து பீரோவுக்குப் பின்னால் மறைந்தது. நூல் என்று நினைத்துத் துடைத்தேன். துணி போகவில்லை, கோட்டிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

வடக்கில் பச்சமுத்துவின் பழைய மண்டியை மே மாதம் இடித்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்ரீத் முடிந்து திரும்பிப் போன பிறகு அங்கே கடை வளாகம் கட்ட அண்டர்கிரவுண்டுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். நம் சுவரை ஒட்டியே தோண்டுகிறார்கள். மெஷின் ஓடும்போது கடையில் அடுக்கிய டபராக்கள் தாமாகவே கிணுகிணுக்கின்றன.

சுவரில் விரிசல் என்றதும் மாமி என்னைத்தான் பார்த்தார். "மேல ஓட்ட போட்டுக்கினு கீழ செவுரு வுட்டுடிச்சின்னா?" என்று கேட்டார். அன்புச்செல்வனை வரவழைத்தேன். குழாய் அந்தச் சுவரிலிருந்து ஏழு அடி தள்ளி, இரண்டு உத்தரத்துக்கு நடுவில் இருக்கிறது என்று அளந்தே காட்டினார். பிறகு பீரோவை நகர்த்தினோம். கீழே விரிசல் விரல் நுழையும் அகலம். அதன்மேல் யாரோ சிமெண்ட் பூசி நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தச் சிமெண்டும் இப்போது பிளந்திருக்கிறது. அன்புச்செல்வன் போனில் படம் எடுத்துக்கொண்டார். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். "இது ஒடஞ்சா செவுரு நவுருதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு நாள் கூட இங்க படுக்காதீங்கக்கா" என்றார்.

சிமெண்ட் பூசியது யார் என்று மாமியைக் கேட்டேன். தெரியாது என்றார். மாமாவோ, அவருடைய பாட்டன் கட்டிய சுவர் அது, எதுவும் ஆகாது என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். தள்ளித் தோண்டச் சொல்லுங்கள், அல்லது நாங்கள் வேறு வீடு பார்க்கவாவது சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஜெபீனா


கள்ளக்குறிச்சி
24.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்சர் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் கூப்பிட்ட நாளிலிருந்து நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். விரிசல் எவ்வளவு, பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று கேட்பீர்கள் என்று போனைக் கையில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பீரோவ யாரு நவுத்தச் சொன்னது?" என்பது. பக்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். போனை மாமியிடம் நீட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம் பரண்மேல் ஏறிப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் டப்பா பாதி காலியாக இருந்தது. ஜூன் மாதம் நான் தியாகதுருகத்தில் அம்மா வீட்டில் நாலு நாள் இருந்து திரும்பியபோது, பீரோ மேற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு வந்திருந்தது. இடம் அடைக்கிறது, அதனால் மாற்றினேன் என்றீர்கள். நானும் சரி என்று துணிகளை அடுக்கினேன்.

மாமாவிடம் கேட்டேன். முதலில் கோபம், பிறகு பேச்சு தானாக வந்தது. பச்சமுத்துவின் வளாகத்தில் தெருவைப் பார்த்த ஒரு கடை நமக்கு என்று வாய்ப்பேச்சாம். பதிலுக்கு, பொதுச் சுவர் பற்றி நாம் எந்த ஆட்சேபணையும் சொல்லக் கூடாதாம். மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "எம் மவன் இன்னாத்துக்கு அங்க வெயில்ல காஞ்சிக்கினு கீறான்? அவன் திரும்பி வர்றதுக்குத்தான் இதெல்லாம். நீ போயி வாயத் தொறந்தா அவன் அங்கயே கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

மச்சான், கல்யாணமாகி பதினொரு வருஷத்தில் நீங்கள் என்னோடு இருந்த மாதங்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது. நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் கேட்காத தொழுகை இல்லை. மாமா அதைச் சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சுவரைவிட அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடித் துண்டு இரண்டாகிக் கிடந்தது. படுக்கையை எல்லாம் கடைக்குள் ஓர் ஓரத்துக்கு மாற்றிவிட்டேன். மாமா முனகினாலும் அங்கேதான் படுக்கிறார். மஹ்ஜபீன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடு ரூமுக்கு ஓடும்போதெல்லாம் அதட்டுகிறேன். அத்தனை ஆசையாக வெளிச்சம் கொண்டுவந்தவளே இப்போது அந்த வெளிச்சத்தில் உட்காராதே என்கிறேன். மாமி மட்டும் கேட்பதில்லை. குர்ஆனில் ஒரு ஜுஸு ஓதிவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையில் போய்விடுகிறார்.

பள்ளத்தில் மண் அள்ள வடக்கனந்தலிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் கொளஞ்சியம்மாள் என்ற பெண் தண்ணீர் கேட்டு நம் கொல்லைக் கதவுக்கு வருவாள். என் வயசுதான் இருக்கும். நேற்று அவளிடம், அந்தச் சுவர் ஓரமாக நிற்காதே என்றேன். "மேஸ்திரி எங்க நிக்கச் சொல்றாரோ அங்கதாங்க நிக்கணும்" என்று சிரித்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் மேஸ்திரிக்குப் போகும், மேஸ்திரியிடமிருந்து பச்சமுத்துவுக்குப் போகும்.

இரண்டு நாளாகக் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே இன்னும் மழை இல்லை. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று அன்புச்செல்வனைக் கேட்டேன். அவர், எப்போது வீடு மாறுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

தயவுசெய்து மாமாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கடை இல்லாவிட்டால் போகட்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

உங்கள்
ஜெபீனா


தியாகதுருகம்
12.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செவ்வாய்க்கிழமை முதல் எல்லோரும் உங்களிடம் போனில் பேசியிருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. செவ்வாய் காலை வானம் வெளுத்து வெயில் அடித்தது. பள்ளத்தில் நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். மஹ்ஜபீன் பள்ளிக்கூடத்தில், மாமா கடையில். பதினோரு மணி இருக்கும். மாமிக்கு டீ எடுத்துக்கொண்டு நடு ரூம் வாசலுக்குப் போனேன். குழாயிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில், சலித்த மாவு போல வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. மாமி தலை குனிந்து ஓதிக்கொண்டிருந்தார், அவருடைய முக்காட்டிலும் திறந்திருந்த பக்கத்திலும் அது படிந்துகொண்டிருந்தது. பழைய டியூப்லைட் மட்டும் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

டீயைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அடுப்படிக்கு வந்து சேரவில்லை, வடக்குச் சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கியது. உத்தரம் ஒரு முனை கீழே வந்தது. புழுதி அடங்கியபோது, நம் வீட்டுக்குள்ளிருந்து ஆகாயம் தெரிந்தது. கீழே பெண்கள் கத்தினார்கள். கொளஞ்சியம்மாள் அங்கே மோட்டார் பைப்பைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாளாம். மெஷினை வைத்து அவளை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. உயிர் இல்லை. இன்னா லில்லாஹி. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவள் புருஷன் நம் கொல்லைக் கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கியதால் சுவர் பலம் குறைந்தது, மழையில் விழுந்தது என்று பச்சமுத்துவின் ஆட்கள் போலீசில் சொன்னார்கள். மாமா மறுக்கவில்லை. அன்புச்செல்வனைக் கூட்டிப் போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். விரிசலைக் காட்டி, இங்கே படுக்காதீர்கள் என்று சொன்ன ஒரே மனுஷன் அவர்தான். அவர் மனைவி தேவதர்ஷினி எனக்குப் போன் செய்து, "அக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று அழுதாள்.

வாக்குமூலம் கேட்பார்கள் என்றதும் மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். விரிசல் முன்பே இருந்தது என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் கேஸ் நம் தலையில் விழும், என் மகன் நவுஷாத் ஊருக்கே வர முடியாமல் போய்விடும் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்து, "நெசத்தச் சொல்லும்மா. எம் புள்ள பேர மட்டும் சொல்லாத" என்றார்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். விரிசலை என்றைக்குப் பார்த்தேன், கண்ணாடி என்றைக்கு உடைந்தது, மாமா எதில் கையெழுத்துப் போட்டார், அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன், எல்லாம் சொன்னேன். அன்புச்செல்வன் போனில் இருந்த படத்தையும் பார்த்தார்கள். சிமெண்ட் பூசியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் ஊரில் இல்லை, வந்து அவரே சொல்வார் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்புச்செல்வனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பச்சமுத்துவையும் மேஸ்திரியையும் விசாரிக்கிறார்கள். மாமாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா என்னோடு பேசுவதில்லை. நானும் பிள்ளையும் அம்மா வீட்டில் இருக்கிறோம். மாமி இன்று காலை மாற்றுத்துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு தானே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி உங்களுக்கு எழுதியதை அன்றே ஸ்டேஷனில் கொடுத்திருந்தால் அவள் இன்று தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். நான் உங்களுக்குத்தான் எழுதினேன். நீங்கள் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. சிமெண்டை நீங்கள் பூசினீர்கள், நான் வாயைப் பூசிக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் வித்தியாசம் தெரிகிறது.

போன் வேண்டாம். போனில் நீங்கள் என்ன சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். கடை இருக்காது, அந்த வீட்டில் இனி குடியிருக்கவும் முடியாது. வந்ததும் யார் யாரோ கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறேன். மஹ்ஜபீன், அத்தா எப்போது வருவார் என்று கேட்டாள். லீவு கிடைத்ததும் என்று சொல்லியிருக்கிறேன். நான் அவளிடம் சொன்னது பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சேர்த்த பிறகு, சொல்ல வேண்டியதை உங்கள் நாவுக்கு லேசாக்கித் தரட்டும். ஆமீன்.

வாருங்கள் மச்சான்.

ஜெபீனா