யார் சொல் கடைசிச் சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

எங்கள் கால்பந்து கிளப்பில் ஆளுக்கு ஆள் நாட்டாமை. வீரர்களை வாங்கும் மேலாளரும் ஆட வைக்கும் பயிற்சியாளரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காயங்களைக் கவனிக்கும் பிசியோவான நான், "கோல்கீப்பருக்கு முழங்கால் வீங்கியிருக்கு, ஆட்டத்துல இறக்காதீங்க" என்று பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"மேலாளரைக் கேளும்மா" என்றார் பயிற்சியாளர்.

"அது அவர் பாடு" என்றார் மேலாளர்.

அவன் ஆடினான். இனி ஆடவே முடியாதாம். ஆஸ்பத்திரியில், "நீங்க அழாதீங்கக்கா" என்று என்னைத் தேற்றினான். காயம்பட்டவர் விஷயத்தில் பிசியோ சொல்வதே கடைசிச் சொல்லாக இருக்கட்டும் என்று கிளப் முதலாளியிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

கவலைப்படாதீர்கள். நான் போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிடுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வேலை செய்யும் சத்தம் போதும்.

டீம் பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்