வாய்க்குள் குஞ்சு வைத்திருந்த கெண்டை

பாய்,

இன்று காலை வில்லாபுரம் மீன்கடையில் ஜிலேபிக் கெண்டை வாங்கினேன். செதில் எடுத்த அக்கா செவுளை இழுத்ததும் அதன் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகள் கொட்டின. “முட்டையத் தின்னுருக்கு பாருங்கண்ணே” என்றார். “தின்னல, அடைகாக்குது” என்றேன். என் குரல் எனக்கே உங்கள் குரல் போலக் கேட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

கப்பலூரில் நாம் லேத் ஓட்டிய பட்டறைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி. கொசுப்புழுவைத் தின்னட்டுமென்று யாரோ அதில் கெண்டை விட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் போனைத் தடவிக்கொண்டிருப்போம். நீங்கள் தூக்குவாளியோடு தொட்டியோரம் உட்கார்ந்துவிடுவீர்கள். கறுத்த ஆண் மீன் அடிச்சேற்றை வாயால் அள்ளித் துப்பிக் குழி பறித்ததையும், பெண் அதில் முட்டையிட்டு வாயில் வாரிக்கொண்டதையும் நீங்கள் மட்டுமே பார்த்தீர்கள்.

பிறகு அந்தப் பெண் மீன் இரையைத் தொடவில்லை. தாடை வீங்கி ஓரமாகவே நின்றது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டது.

“சீக்கு மீன். தண்ணிய எறச்சுட்டு பிளீச்சிங் போடுங்க.”

“சீக்கு இல்ல சார். வாய்க்குள்ள புள்ளைக இருக்கு. நாலு நாள் பொறுங்க.”

“இல்லேன்னா?”

“நானே எறங்கித் தொட்டியக் கழுவுறேன்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். “சிரிச்சு முடிச்சிட்டு வந்து பாரு மாப்ள” என்றீர்கள், கோபமே இல்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் மதியம் நீங்கள் கைதட்டிக் கூப்பிட்டீர்கள். தாயின் முகத்தைச் சுற்றி, கண் மட்டுமே தெரிகிற பொடிக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நீந்தின. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவர் நிழல் விழுந்ததும் அத்தனையும் தாயின் வாய்க்குள் பாய்ந்து மறைந்தன.

“யோவ், எங்கய்யா போச்சு?”

“வீட்டுக்குப் போயிருச்சு சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிளீச்சிங் மூட்டை ஸ்டோருக்கே திரும்பியது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் நீங்கள். அன்று பட்டறையே உங்களைச் சுற்றி நின்று கேள்வி கேட்டது. உங்கள் பக்கத்தில் நின்ற எனக்கு அம்புட்டுப் பெருமை.

போன மாதம் பட்டறையில் புது மெஷின் ஒன்று விட்டு விட்டு முனகியது. கழற்றிவிடலாம் என்றார்கள். நான் ஸ்டூலைப் போட்டு அரைநாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். மெஷினில் கோளாறே இல்லை. அதைத் தரையோடு பிடித்திருந்த போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. முடுக்கியதும் சத்தம் நின்றது.

“இதெல்லாம் எங்கண்ணே படிச்சீங்க?” என்று கேட்டார் இளம் என்ஜினியர்.

“எங்க பாய்கிட்ட” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.