தலைமை நர்ஸ் வேலை வேண்டாம் என்றேன், அக்கா

என் ஆசை மரகதம் அக்கா,

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பூந்தமல்லியில் இன்னும் யுத்தப் பேச்சுதான், மண்ணெண்ணெய்க்கு வரிசைதான். நம் பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டும் குழந்தைகள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் பிறந்துகொண்டிருக்கின்றன.

உன்னை டைபாய்டு கொண்டுபோன சில நாட்களில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். உன் தலைமை நர்ஸ் வேலையை நான் பார்க்க வேண்டுமாம். சம்பளம் கூடும், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வீடும் உண்டு. ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும் என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுக்க வாய் வராமல், கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றேன்.

அதை எப்படித்தான் சிரித்த முகத்தோடு செய்தாய்? யாருக்கு லீவு, யாருக்கு ராத்திரி முறை, எந்த ஆயா எவளோடு பேசுவதில்லை என்பதிலேயே என் பொழுது போனது. யாரையாவது கண்டித்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

ஒரு மத்தியானம் இரண்டு ஆயாக்கள் மோதிக்கொண்டார்கள். "எல்லாத்தையும் நானே கழுவிக்கினு கீறேன், அவ கை இன்னா தேஞ்சா பூடும்?" என்று ஒருத்தி கத்த, நான் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அப்போது உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. காலையிலிருந்து என் கையை விடாமல் பிடித்திருந்த பெண்ணின் குழந்தை அது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ஆயுசுக்கும் இப்படியே இருந்துடப் போறியா?" என்று கோபித்துக்கொண்டார்.

"இல்லம்மா, வளரணும்னுதான் கேக்கறேன். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க, சிக்கலான பிரசவம் பாக்கக் கத்துக்கறேன். ஆளுங்கள வச்சு வேலை வாங்கறது நம்ம நர்ஸ் கமலத்துக்கு நல்லா வரும்."

வீட்டில் அம்மாதான் அழுதாள். "ஊடு தேடி வந்துச்சு, வாணாம்னுட்டு வந்து நிக்கிறியேடி!" நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பல நாள் யோசித்து டாக்டரம்மா என்னை அனுப்பினார். படித்துத் திரும்பினால், கமலம் உன் நாற்காலியில் ஜம்மென்று இருக்கிறாள். அவள் அதட்டினால் ஆயாக்கள் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள்!

போன வாரம் நூம்பலிலிருந்து ஆள் ஓடிவந்தான். ஜட்கா வண்டியில் டாக்டரம்மாவும் நானும் போனோம். "காலு முன்னால வருதும்மா, பொழைக்குமா?" என்று வலியில் கிடந்தவளின் மாமியார் கேட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீ பாரு" என்று ஒதுங்கி நின்றார். பார்த்தேன், அக்கா. தாயும் பிள்ளையும் சுகம்.

திரும்பும் வழியில், "உனக்குன்னு ஒரு பதவி கேட்டு மேல எழுதப்போறேன்" என்றார். வருமோ வராதோ. அம்மா இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில், "கஷ்டமான கேஸுன்னா எம் பொண்ணத்தான் இட்டுகினு போவாங்க" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

நாளை மாங்காட்டுக்குப் போகிறேன். ஒருத்திக்குத் தலைச்சன் பிரசவம், இரட்டைப் பிள்ளையாம். பயமாகத்தான் இருக்கிறது. எத்தனை பயந்தாலும் பாதியில் கையை எடுக்க மாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறக்காத தங்கை,
ராஜம்