கால் தொட்ட கை

உடையார்பாளையம்,
விய வருடம், தை மாதம்

ஆலகால நஞ்சைக் கண்டத்தில் நிறுத்திய பெருமான், என் சினத்தையும் அங்கேயே நிறுத்தி அருள்வானாக.

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நெல் குத்தும்போது என் மகள் பாடிய பாட்டைக் குற்றமாக எழுதி, அவளையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டீர்கள். "கால் தொட்ட கையே என்னைக் கைவிட்டுப் போனதே" என்று அவள் அழுதது எந்த ஆடவனை நினைத்து என்று என்னிடம் பொருள் கேட்டிருக்கிறீர்கள்.

அடியார்கள் தலைவியாய் நின்று இறைவனையே வஞ்சகன் என்று பாடியதுண்டு. இதுவும் அவ்வகையே என்று விடை எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதுமுன் அவளைக் கேட்டேன்.

"சாமியத்தானேம்மா பாடுன?"

"சாமி எப்பப்பா எங்கிட்ட பொய் சொல்லுச்சு?"

அடுப்படியிலிருந்து உங்கள் அத்தை குரல் கொடுத்தாள்: "பொருள் கேக்குறாராமே பொருள்! அம்மியில இவ கால எடுத்து வச்சு மெட்டி போட்டது யாராம்? ஊரே பாத்துச்சே!"

பொருள் அதுதான். அவள் காலைத் தொட்ட ஆடவர் நீங்கள் ஒருவரே. பெரம்பலூரில் நீங்கள் வாரக்கணக்கில் தங்கும் வீடு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, பாட மட்டும் செய்தாள். அதைப் பொறுக்காமல் அவள் கற்பின்மீதா பழி போடுவது?

அவளை அழைக்க ஆள் அனுப்ப வேண்டாம். நீங்களே வந்து அவள் முன் நின்று, அந்தப் பாட்டு யாரைக் குறித்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை அவள் இங்கே உரக்கவே பாடுவாள்.

தங்கள் மனையில் விளக்கும் வாய்மையும் அணையாதிருக்க, தாங்களும் தங்கள் தாயாரும் நலமுடன் வாழ ஈசன் அருள்க.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவன்